உள்ளூர்ப் பெண்கள் தேவை: எந்தத் தெருப் பெண்கள்?

“களப்பணிக்கு உள்ளூர்ப் பெண்கள் தேவை. ஏதேனும் ஒரு பட்டப்படிப்பு. சொந்தமாக இருசக்கர வாகனம், ஆண்ட்ராய்டு போன் அவசியம். நன்றாகப் பேசத் தெரிந்திருக்க வேண்டும்.” கர்ப்பிணிகளின் ஊட்டச்சத்தை ஆய்வு செய்ய வருகிறவர்கள் வாட்ஸ்அப் குழுக்களில் போடும் அறிவிப்புகள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கின்றன. படித்தவுடன் குறை எதுவும் தெரியாது. சென்னையிலிருந்து ஆள் கூட்டி வராமல் இங்கேயே வேலை தருகிறார்கள், நல்லதுதானே என்று தோன்றும்.

எங்கள் கேள்வி அந்த ‘உள்ளூர்’ என்ற சொல்லில் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றல்ல, இரண்டு. ஊர் ஒன்று, சேரி ஒன்று. வரைபடத்தில் ஒரே பெயர் இருக்கலாம், ஒரே ஊராட்சி இருக்கலாம். ஆனால் “ஊர்க்காரங்க வந்திருக்காங்க” என்று யாராவது சொன்னால், அதில் காலனிக்காரர்கள் சேர்த்தி இல்லை என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரியும். ஆய்வு நிறுவனம் ‘உள்ளூர்’ என்று எழுதும்போது அது எந்தப் பக்கத்தைச் சொல்கிறது என்று அதற்கே தெரிவதில்லை. தெரியாமல் விடப்பட்ட இடத்தில் சாதி தன் வேலையைச் செய்துகொள்கிறது.

எப்படி என்று பார்ப்போம். அறிவிப்பு முதலில் போய்ச் சேர்வது ஊராட்சித் தலைவருக்கு, அங்கன்வாடிக்கு, மகளிர் குழுக் கூட்டமைப்பின் நிர்வாகிகளுக்கு. அவர்கள் தங்களுக்குத் தெரிந்த பெண்ணைச் சொல்கிறார்கள். தெரிந்த பெண் பெரும்பாலும் தங்கள் தெருப் பெண். அடுத்து நிபந்தனைகள். ஸ்கூட்டி யார் வீட்டில் நிற்கிறது? பிளஸ் டூ முடித்ததும் திருப்பூர், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகாமல் பட்டம் வாங்க முடிந்தது யாருக்கு? ‘நன்றாகப் பேசுவது’ என்றால் எந்தத் தெருவின் பேச்சு? “சேரிப் பெண்கள் வேண்டாம்” என்று யாரும் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையே இல்லாமல் பட்டியல் தயாராகிவிடுகிறது.

இதனால் என்ன கெட்டுப்போகிறது, ரத்தத்தில் ஹீமோகுளோபின் எவ்வளவு என்பதை ஊர்ப் பெண் அளந்தால் ஒன்று, சேரிப் பெண் அளந்தால் ஒன்றா என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் கர்ப்பிணிகளில் 52.2 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய 2015-16 கணக்கெடுப்பில் அது 50.4 சதவீதம். மகப்பேறு மருத்துவத்தில் முன்னணி மாநிலம் என்று பெயரெடுத்த தமிழ்நாட்டிலும் ஏறத்தாழ பாதிக் கர்ப்பிணிகள் ரத்தசோகையோடுதான் இருக்கிறார்கள். ரத்தத்துளி இதை நமக்குச் சொல்லிவிடும். ஏன் என்பதைச் சொல்லாது. ஏன் என்பதற்கு அந்தப் பெண் வாய் திறந்து பேச வேண்டும். யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் மனிதர்கள் பேசுகிறார்கள்.

ஊட்டச்சத்து ஆய்வுகளில் ‘நேற்று காலையிலிருந்து இரவு வரை என்னென்ன சாப்பிட்டீர்கள்?’ என்று ஒரு கேள்வி உண்டு. வந்த பதிலைப் பத்து உணவுத் தொகுதிகளாகப் பிரிப்பார்கள். தானியமும் கிழங்கும் ஒன்று, பருப்பு வகை ஒன்று, கொட்டைகளும் விதைகளும் ஒன்று, பால் ஒன்று, கறியும் மீனும் சேர்ந்து ஒன்று, முட்டை ஒன்று, கீரை ஒன்று, வைட்டமின் ஏ அதிகமுள்ள காய் பழங்கள் ஒன்று, மற்ற காய்கள் ஒன்று, மற்ற பழங்கள் ஒன்று. பத்தில் ஐந்தாவது சாப்பிட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்குக் குறைந்தபட்ச உணவுப் பன்மை இருக்கிறது என்று கணக்கு. உலகம் முழுக்கப் பயன்படும் அளவுகோல் இது.

இப்போது ஒரு கர்ப்பிணி நேற்று சோறு, கத்தரிக்காய் போட்ட பருப்புச் சாம்பார், முருங்கைக்கீரைப் பொரியல், மாட்டுக்கறி சாப்பிட்டாள் என்று வைத்துக்கொள்வோம். தானியம், பருப்பு, காய், கீரை, கறி. ஐந்து. தேறிவிட்டாள். ஆனால் எதிரே நோட்டோடு உட்கார்ந்திருப்பவர் ஊரிலிருந்து வந்த பெண். மாட்டுக்கறி என்று சொன்னால் முகம் எப்படிப் போகும் என்று இவளுக்குத் தெரியும். பள்ளியில் டிபன் பாக்ஸைத் திறந்த நாளிலிருந்து தெரியும். “சாம்பார், கீரைங்க” என்று நிறுத்திக்கொள்கிறாள். நான்கு. ஒரு சொல்லை விழுங்கியதில் அவள் கோட்டுக்குக் கீழே போய்விட்டாள்.

மாட்டுக்கறி மட்டுமல்ல. ரத்தப் பொரியல், குடல், உப்புக்கண்டம், வயல் நண்டு, நத்தை, எலி என்று நம் மக்கள் சாப்பிட்டு வாழ்ந்த, இரும்பும் புரதமும் நிறைந்த உணவுகள் பலவும் வெளியாள் முன்னால் வாயில் வராது. அச்சடித்த கேள்வித்தாளிலும் அவற்றுக்குக் கட்டம் இருக்காது. தெரிந்த பெண் கேட்டால், “அக்கா, நேத்து சந்தைலேர்ந்து ஈரல் எடுத்தாந்தாங்களே, அதுல உங்களுக்கு எவ்வளவு வந்துச்சு?” என்று கேட்பாள். பதில் வரும். அந்த ஈரலில் பெரும்பங்கு கணவனுக்கும் மாமனாருக்கும் போய், இவளுக்கு வந்தது குழம்பு மட்டும்தான் என்பதும் வரும். ஆய்வுக்கு வேண்டியது அந்த இரண்டாவது பதில்தான்.

அது வராத ஆய்வு என்ன முடிவுக்கு வரும்? ‘பட்டியல் சாதிப் பெண்களிடம் சத்துணவு பற்றிய விழிப்புணர்வு குறைவு’ என்று எழுதும். விழிப்புணர்வு குறைவு என்றால் தீர்வு சுவரொட்டி, கண்காட்சி, கைகழுவும் பாட்டு. கூலி போதவில்லை, ஏழாம் மாதத்திலும் நாற்று நடப் போகிறாள், வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறாள் என்று எழுதப்பட்டிருந்தால் தீர்வு வேறாக இருந்திருக்கும். ஆகவே யார் நேர்காணல் எடுக்கிறார் என்பது அலுவலகம் முடிவு செய்து முடிக்கும் சின்ன விஷயம் அல்ல. அரசுப் பணம் எந்தத் திசையில் போகும் என்பது அங்கேதான் தொடங்குகிறது.

களத்தில் நாங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். காலனியில் ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் தண்ணீர் கொடுப்பார்கள், பிறகு டீ. “இப்பதாங்க குடிச்சிட்டு வந்தேன், வேணாம்” என்று கணக்கெடுக்க வந்த பெண் சொல்லும்போது அந்த வீட்டில் யாரும் சண்டை போடுவதில்லை. “சரிங்க மேடம்” என்று டம்ளரை உள்ளே எடுத்துப் போய்விடுவார்கள். அதன் பிறகு நாற்பது நிமிடம் நேர்காணல் நடக்கும். எல்லாக் கேள்விக்கும் பதில் வரும். ஒன்றும் உண்மையாக இருக்காது. மேற்பார்வையாளர் சரிபார்க்கும் பட்டியலில் ‘தண்ணீர் குடித்தாரா’ என்ற கட்டம் இல்லை. எங்கள் கணக்கில் அதுதான் முதல் கட்டம்.

இதைச் சமூகவியல் படிக்கும் தோழர்கள் புதிதாகக் கேட்கவில்லை. ஆந்த்ரே பெத்தேல் தஞ்சைப் பகுதியில் ஒரு கிராமத்தை ஆய்ந்து, அதற்கு ஸ்ரீபுரம் என்று மாற்றுப்பெயர் வைத்து 1965இல் வெளியிட்ட நூல் இன்றும் நம் பாடத்திட்டத்தில் இருக்கிறது. அவர் தங்கியது அக்கிரகாரத்தில். அங்கே தங்கிய காரணத்தால் சேரிக்குள் தாராளமாகப் போய்வர முடியவில்லை என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். அந்த நேர்மைக்கு மதிப்புக் கொடுப்போம். அதே சமயம், ஜோன் மென்ச்சர் செங்கல்பட்டுப் பகுதியில் பறையர் மக்களிடம் பேசி 1974இல் எழுதிய கட்டுரையில் சாதி அமைப்பு தலைகீழாகத் தெரிந்தது. மேலே இருந்து பார்த்தவர்களுக்கு ஒழுங்காகவும் இசைவாகவும் தெரிந்த அமைப்பு, கீழே இருந்து பார்த்தபோது சுரண்டலாகத் தெரிந்தது. எந்த வாசலில் நிற்கிறோம் என்பதே வித்தியாசம்.

வாசல் மட்டுமல்ல, நேரமும் இருக்கிறது. காலை பதினொரு மணிக்கு வரும் கணக்கெடுப்பாளர் யாரைப் பார்ப்பார்? வேலைக்குப் போகாமல் வீட்டில் இருக்கும் பெண்ணை. கழனிக்கோ நூறு நாள் வேலைக்கோ போன கர்ப்பிணியின் பெயருக்கு எதிரே ‘வீடு பூட்டியிருந்தது’ என்று எழுதப்படும். சூளைக்குச் செங்கல் அறுக்கவும் கரும்பு வெட்டவும் குடும்பத்தோடு போனவளின் பெயருக்கு எதிரே ‘ஊரில் இல்லை’ என்று எழுதப்படும். அதிகம் உழைத்து குறைவாகச் சாப்பிடுகிற பெண்ணே முதலில் பட்டியலிலிருந்து உதிர்கிறாள். அந்தத் தெருவில் பிறந்தவளுக்கு யார் எத்தனை மணிக்குத் திரும்புவார்கள், எந்தச் சூளையில் எந்தக் குடும்பம் இருக்கிறது, எந்தப் பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறாள் என்று தெரியும்.

ஆகவே எங்கள் கோரிக்கை நேரானது. தாய்மார்களின் ஊட்டச்சத்தை ஆய்வு செய்கிறவர்கள் சேரிப் பெண்களைக் களப்பணியாளர்களாக எடுக்க வேண்டும். பெயருக்கு ஒருவர் இருவர் போதாது. ஆய்வுப் பகுதியில் நம் மக்கள்தொகை என்ன விகிதமோ, குறைந்தது அந்த விகிதத்தில் எடுக்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர். பல வட மாவட்டங்களிலும் டெல்டா மாவட்டங்களிலும் அதைவிடக் கூடுதல்.

அதோடு எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. சேரிப் பெண்ணை எடுத்தால் போதும் என்று விட்டால் வேறு சிக்கல்கள் வரும். அவற்றையும் நாமே பேச வேண்டும்.

கர்ப்பம் பற்றிய கேள்விகளில் கருச்சிதைவு வரும், கருக்கலைப்பு வரும், புருஷன் அடிப்பது வரும். அடுத்த வீட்டுப் பெண் வந்து கேட்டால் எந்தப் பெண் சொல்வாள்? சாயங்காலம் குழாயடியில் பேச்சாகிவிடும் என்ற பயம் இருக்காதா? இதற்கு வழி இருக்கிறது. அதே ஒன்றியத்தில், ஆனால் தன் ஊராட்சிக்கு வெளியே வேலை கொடுப்பது. பேச்சும் சாப்பாடும் தெரிந்த பெண், ஆனால் மாமியாரைத் தெரியாத பெண். நேர்காணலைத் தனியாக எடுக்க வேண்டும். மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, “நீங்கள் வயிறாரச் சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்பதில் பயனில்லை. இருவராகப் போனால் ஒருவர் மாமியாரிடம் பேச்சுக் கொடுக்கலாம், மற்றவர் பின்கட்டில் கேட்கலாம்.

அடுத்தது, நமக்குள் இருக்கும் படிநிலை. ‘தலித் பெண் ஒருவர் எடுத்தாயிற்று’ என்று நிறுவனம் டிக் அடித்துவிடும். அவர் பறையராகவோ தேவேந்திரராகவோ இருந்து, அருந்ததியர் தெருவில் தண்ணீர் வாங்கிக் குடிக்கத் தயங்கினால், மேலே சொன்ன அதே கதை அங்கேயும் நடக்கும். 2009இல் அருந்ததியருக்கு மூன்று சதவீத உள் ஒதுக்கீடு ஏன் தேவைப்பட்டது என்பதை உணர்ந்தவர்களுக்கு இது புரியும். மேற்கு மாவட்டங்களில் ஆய்வு என்றால் அருந்ததியர் பெண்கள் இல்லாத குழு முழுமையான குழு ஆகாது. பழங்குடி இருளர் குடியிருப்புகளுக்கும் இதே நியாயம்தான். இதைச் சொன்னால் ஒற்றுமை குலையும் என்று நினைப்பவர்கள், சொல்லாமல் விட்டதால் யார் பசியில் இருக்கிறார்கள் என்று பார்க்கட்டும்.

மூன்றாவது, கிராம சுகாதார செவிலியரையும் அங்கன்வாடி ஊழியரையும் நேர்காணல் எடுக்க வைப்பது. செலவு மிச்சம் என்று பலர் இதைச் செய்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் வரும் 18,000 ரூபாய், ஊட்டச்சத்துப் பெட்டகத்தையும் சேர்த்து, தவணை தவணையாக வருகிறது. பதிவு, பரிசோதனை, தடுப்பூசி எல்லாம் நர்சம்மா பதிந்தால்தான் தவணை நகரும். அவரே வந்து “இரும்புச்சத்து மாத்திரை தினமும் சாப்பிடுறியாம்மா? சத்துமாவு சாப்பிடுறியா?” என்று கேட்டால் எந்தப் பெண் இல்லை என்பாள்? மாத்திரை பரணில் இருக்கும், பதில் ‘ஆம்’ என்று இருக்கும். நர்சம்மா மேல் குற்றமில்லை. பலன் கொடுக்கும் கையே கேள்வியும் கேட்கக்கூடாது, அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் எதிராக ஒரு வாதம் தவறாமல் வரும். “உங்கள் ஆட்களையே எடுத்தால் வறுமையைக் கூட்டிச் சொல்வார்கள், ஒருசார்பு வந்துவிடும்.” ஊர்ப் பெண் சேரியில் எடுத்த நேர்காணலுக்கு ஏன் இந்தச் சந்தேகம் வருவதில்லை? அங்கே இருக்கும் சார்புக்கு நடுநிலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சார்பில்லாத கணக்கெடுப்பாளர் யாரும் கிடையாது. ஆய்வு அறிந்தவர்களுக்கு அதைச் சோதிக்கும் முறையும் தெரியும். ஒவ்வொரு படிவத்திலும் நேர்காணல் எடுத்தவர் யார் என்ற எண் இருக்கிறது. அவருடைய சமூகத்தையும், அவர் சம்மதத்தோடு, பெயர் வெளியே வராமல் பதிந்துகொள்ளுங்கள். ஒரு பகுதி வீடுகளில் வேறு ஒருவரை அனுப்பி மறு நேர்காணல் எடுங்கள். யார் கேட்டபோது கறி பட்டியலில் வந்தது, யார் கேட்டபோது வரவில்லை என்று ஒப்பிட்டுப் பாருங்கள். வாதம் தேவையில்லை, தரவே சொல்லும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. சேரிப் பெண்களைச் சேரிக்கு மட்டும் அனுப்பி, ஊர்த் தெருவுக்கு ஊர்ப் பெண்களை அனுப்பினால், கிராமம் போட்ட கோட்டையே ஆய்வும் போடுகிறது. நம் பெண் ஊர்த்தெருவுக்கும் போக வேண்டும். போனால் திண்ணைக்குக் கீழே நிற்க வைத்துப் பதில் சொல்வார்கள், “எந்தத் தெரு நீ?” என்று கேட்பார்கள், சில இடங்களில் அதற்கு மேலும் நடக்கும். அப்போது நிறுவனம் என்ன செய்கிறது என்பதுதான் உண்மையான சோதனை. “பிரச்சினை வேண்டாம், அந்தத் தெருவுக்கு வேறு ஆளை அனுப்புகிறோம்” என்று சொல்லும் நிறுவனம் அவமானப்படுத்தியவர் பக்கம் நிற்கிறது. பணியில் சேரும் முன்பே எழுத்தில் கேளுங்கள்: சாதி சொல்லி இழிவுபடுத்தினால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி புகார் கொடுக்க நிறுவனம் துணை வருமா? மாலை ஆறு மணிக்கு மேல் நேர்காணல் என்றால் இருவராக அனுப்பி, திரும்பி வர வண்டி கொடுக்குமா?

சம்பளத்தையும் பேசியாக வேண்டும். ஒரு படிவத்துக்கு இவ்வளவு என்று கூலி கொடுத்தால், பக்கத்துப் பக்கத்து வீடுகளில் வேகமாக முடிப்பவருக்குப் பணம், பஸ் நிற்காத காலனிக்கு மூன்று முறை நடந்து போனவருக்கு நஷ்டம். நாள் சம்பளம் கொடுங்கள். பயிற்சி நாட்களுக்கும் கொடுங்கள். கூலியை விட்டுவிட்டுப் பயிற்சிக்கு வருகிற பெண் ஐந்து நாள் சும்மா உட்கார முடியாது. பட்டப்படிப்பு வேண்டுமென்பதை விட்டு, பிளஸ் டூ போதும் என்று வையுங்கள். வண்டி இல்லாதவருக்குப் பயணப்படி, போன் இல்லாதவருக்கு டேப்லெட். கேள்வி கேட்கும் முறையைச் சொல்லிக் கொடுக்கலாம். நேற்று அடுப்பில் என்ன வெந்தது என்று தெரிந்திருப்பதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுக்க முடியாது. அதற்கும் ஒரு மதிப்பெண் போடுங்கள்.

படிவம் நிரப்புவதோடு நம் பெண்களின் வேலை முடிந்துவிடவும் கூடாது. இந்தியச் சமூக அறிவியலில் சிந்திப்பது ஒரு கூட்டத்தின் வேலையாகவும், தரவு சேர்த்துக் கொடுப்பது மற்றொரு கூட்டத்தின் வேலையாகவும் பிரிந்து கிடப்பதை கோபால் குரு 2002இல் எழுதிய கட்டுரையில் கடுமையாகக் கேள்வி கேட்டார். இன்றும் வெயிலில் பை தூக்குவது யார், கட்டுரையில் பெயர் வருவது யாருக்கு என்று பாருங்கள். கேள்வித்தாள் தயாரிக்கும் மேசையில் சேரிப் பெண் உட்கார்ந்தால், அந்தத் தாளில் ரத்தப் பொரியலுக்கும் ஒரு கட்டம் வரும். மேற்பார்வையாளர் பதவி, தரவு ஆராயும் வேலை, கட்டுரையில் பெயர் ஆகிய மூன்றையும் ஒப்பந்தத்திலேயே கேட்க வேண்டும். ஆய்வு முடிந்ததும் முடிவுகளைத் தமிழில் அதே தெருவில் வந்து சொல்ல வேண்டும். ஹீமோகுளோபின் 7க்குக் கீழே இருப்பது தெரிந்த அன்றே அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடு இருக்க வேண்டும். ஆறு மாதம் கழித்து அறிக்கையில் அவளை ஒரு சதவீதமாகப் பார்ப்பதில் அவளுக்கு என்ன பயன்?

1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசிய பாபாசாகேப் அம்பேத்கர், பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு தேவை என்பதையும், அது நாட்டின் நலன் சார்ந்தது என்பதையும், அதன் சுமையில் பெரும்பங்கை அரசு ஏற்க வேண்டும் என்பதையும் வலியுறுத்தினார். உழைக்கும் தாயின் உடம்பு அரசியல் கேள்வி என்பதை நமக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். அந்த உடம்பைப் பற்றி யார் கேட்கிறார்கள், யார் எழுதுகிறார்கள் என்பதும் அதே கேள்வியின் தொடர்ச்சிதான்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கு இரண்டு வேலைகள். உங்கள் துறைக்கோ ஒன்றியத்துக்கோ இப்படி ஓர் ஆய்வு வந்தால், அறிவிப்பைக் காலனியின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள், படிப்பு முடித்து வீட்டில் இருக்கும் அக்கா தங்கைகளை விண்ணப்பிக்க வையுங்கள், நேர்முகத் தேர்வுக்குக் கூடவே போங்கள். ஆய்வை நடத்தும் பேராசிரியரிடம் கேளுங்கள்: உங்கள் களக்குழுவில் எத்தனை பேர், அதில் சேரியிலிருந்து எத்தனை பேர், அருந்ததியர் எத்தனை பேர்? பதில் சொல்லத் தயங்கினால், நெறிமுறைக் குழுவுக்கு எழுத்தில் கேள்வி அனுப்புங்கள். நம் தெருவில் பசி எவ்வளவு என்று உலகத்துக்குச் சொல்லப் போகிற அறிக்கை அது. அதை எழுதும் கைகளில் நம் கைகளும் இருக்க வேண்டும்.